கிதார் பிரசன்னா

பிரசன்னா (பிறப்பு: 1970) தமிழ்நாட்டைச் சேர்ந்த கிதார்க் கலைஞரும் இசையமைப்பாளரும் ஆவார். கருநாடக இசையைக் கிதாரில் கச்சேரி அளவில் வாசித்துப் புகழ் பெற்றவர். ராக், ஜாஸ் ஆகிய மேலை இசை வகைகளிலும் தேர்ந்தவர்.

வாழ்க்கைக் குறிப்பு

இவர் பிறந்த ஊர் இராணிப்பேட்டை. அக்காலத்தில் இவ்வூரும் திருவண்ணாமலை, கீழ்பென்னாத்தூர் ஆகிய ஊர்களும் ஒன்றுபட்ட வட ஆற்காடு மாவட்டத்தில் அடங்கியிருந்தன. சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தில் கப்பல் கட்டுமானப் பொறியியல் பயின்றார். மாணவப் பருவத்தில் ராக் இசையும் வாசித்து வந்தார். கருநாடக இசையைத் திருவாரூர் பாலசுப்பிரமணியம், வயலின் கலைஞர் அ. கன்னியாகுமரி ஆகியோரிடம் கற்றார். பின்னர் பொறியியலை விடுத்து இசையையே வாழ்க்கையாகக் கொண்டார். அமெரிக்காவின் பாஸ்டன் நகரிலுள்ள பெர்க்லி இசைக் கல்லூரியில் மேலை இசை பயின்று பட்டம் பெற்றார்.

கிதாரும் கமகமும்

கருநாடக இசைக்குக் கமகம் உயிர் போன்றது. ஒரு சுரம் அசையாமல் நின்றால் இராகத்தின் உருவம் புலப்படாது. கிதாரின் மெட்டுகளோ சுரங்களைத் தனித்தனியே பிரித்து நிறுத்துவன. வீணையில் மெட்டின் மீது தந்தியை இழுத்துக் கமகம் எழுப்புவர். ராக் கலைஞர்களும் தந்தியை இழுத்துச் சுரத்தை உயர்த்துவது உண்டு. பிரசன்னா இம்முறையோடு, தந்தியின் மேல் விரலை வழுக்கிச் செல்லும் முறையையும் கையாள்கிறார். இதனால் கீர்த்தனைகளை வாய்ப்பாட்டின் போக்கிலேயே கிதாரில் கேட்க முடிகிறது.

எலெக்ட்ரிக் கணேசா லேண்டு

புகழ்பெற்ற ராக் கிதார்க் கலைஞர் ஜிமி எண்டிரிக்சு (1942–1970), பிரசன்னா பிறந்த ஆண்டிலேயே இலண்டனில் காலமானார். எண்டிரிக்சு 1968இல் வெளியிட்ட 'எலெக்ட்ரிக் லேடிலேண்டு' என்னும் இசைத்தொகுப்பின் பெயரைத் தழுவி, 2006இல் பிரசன்னா 'எலெக்ட்ரிக் கணேசா லேண்டு' என்னும் தொகுப்பை வெளியிட்டார். இதில் ராக் இசையின் மின்கிதார் ஒலியுடன் தென்னிந்தியத் தாளக் கருவிகள் இணைந்து ஒலிக்கின்றன. எண்டிரிக்சின் பாடல்களைத் திரும்ப வாசிக்காமல், தம் மரபிலிருந்து புதியன படைத்தே அவருக்கு மரியாதை செய்துள்ளமை இத்தொகுப்பின் சிறப்பாகும்.

பிற பங்களிப்புகள்

- இளையராஜா, ஏ. ஆர். ரகுமான் ஆகியோரின் இசையில் கிதார் வாசித்துள்ளார்.
- 2009இல் ஆஸ்கார் விருது பெற்ற 'ஸ்மைல் பிங்கி' என்னும் குறும் ஆவணப்படத்துக்கு இசையமைத்தார்.
- 2010இல் தொடங்கப்பட்ட சுவர்ணபூமி இசைக் கல்விக்கழகத்தின் தலைவராகப் பொறுப்பேற்றார்.
- பியானோ கலைஞர் விஜய் ஐயர், தபேலா கலைஞர் நிதின் மிட்டா ஆகியோருடன் இணைந்து 2011இல் 'தீர்த்தா' என்னும் தொகுப்பை வெளியிட்டார்.