கூரை திறக்கும் காரும் கார்த்திகை மழையும்

ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் காளஹஸ்திக் கோயிலுக்குச் சென்றுவந்தவர்கள் இக்காட்சியைக் கண்டிருக்கக்கூடும். ராகு–கேது பரிகார பூஜையை முடித்துக்கொண்டு, பிரசாதப் பையுடன் ஒரு குடும்பம் வாகன நிறுத்தத்துக்குத் திரும்புகிறது. இரண்டு மணி நேரமாக நல்ல மழை. காரின் கண்ணாடிகள் யாவும் ஏற்றப்பட்டிருக்கின்றன. மேற்கூரையில் உள்ள சன்ரூஃபும் மூடியே இருக்கிறது. ஆயினும் கதவைத் திறந்ததும் ஈர வாடை வீசுகிறது. உள்விளக்கின் ஓரத்திலிருந்து நீர் சொட்டுகிறது. முன்னிருக்கையின் கீழுள்ள கார்பெட்டை அழுத்தினால் நீர் கசிகிறது.

“ரப்பர் போய்விட்டது” என்பதே பெரும்பாலோரின் முதல் முடிவு. வழியில் அகப்படும் மெக்கானிக்கும் அதை ஆமோதித்து, கண்ணாடியின் விளிம்பு முழுவதும் சிலிக்கோன் பசையைப் பூசிவிடுகிறார். அடுத்த மழையில் மீண்டும் ஒழுகுகிறது. இப்போது கண்ணாடியைத் திறக்கவும் முடிவதில்லை.

சன்ரூஃபின் அமைப்பைத் தெரிந்துகொண்டால் இச்செலவைத் தவிர்க்கலாம். அதன் ரப்பர் பட்டை எல்லா நீரையும் தடுப்பதற்காக வடிவமைக்கப்பட்டதன்று. சிறிதளவு நீர் உள்ளே இறங்கும் என்று எதிர்பார்த்தே, கண்ணாடிச் சட்டத்தைச் சுற்றி ஒரு சிறு வாய்க்காலை அமைத்திருக்கிறார்கள். அதன் மூலைகளிலிருந்து மெல்லிய வடிகுழாய்கள் புறப்பட்டு, முன்கண்ணாடியின் இரு பக்கத் தூண்கள் வழியாகவும் பின்புறத் தூண்கள் வழியாகவும் இறங்கி, காரின் அடியில் நீரை வெளியேற்றுகின்றன. வீட்டு மொட்டை மாடியின் மழைநீர்க் குழாய் போன்றதே இதுவும். மாடிக் குழாய் அடைத்துக்கொண்டால் நீர் கூரையில் தேங்குகிறது. இங்கோ அது காரின் உட்கூரைத் துணிக்குள் இறங்குகிறது.

அடைப்புக்குத் தேவையானவை எல்லாம் நம் சாலைகளில் தாராளமாகக் கிடைக்கின்றன. கோடையில் 40 டிகிரியைத் தாண்டும் வெயிலில், சாலைப் புழுதியோடு வேப்பம்பூவும் புளிய இலையும் அந்த வாய்க்காலில் படிகின்றன. ஆறேழு மாதங்கள் அங்கேயே உலர்ந்து கிடந்து, வடகிழக்குப் பருவமழையின் முதல் நீரில் குழைந்து குழாயின் வாயை அடைத்துவிடுகின்றன. 2021 நவம்பரில் திருப்பதி வட்டாரத்தில் கொட்டிய மழையில் சுவர்ணமுகி ஆறே கரைபுரண்டது. அத்தகைய மழையை அடைபட்ட வடிகுழாய் எப்படித் தாங்கும்?

சோதனை எளியது, செலவும் இல்லை. சன்ரூஃபைத் திறந்து, வாய்க்காலின் ஒவ்வொரு மூலையிலும் அரைத் தம்ளர் நீரை மெதுவாக ஊற்றுங்கள். சில வினாடிகளில் காரின் அடியில் நீர் சொட்ட வேண்டும். சொட்டாவிட்டால் அந்த மூலையின் குழாய் அடைபட்டிருக்கிறது என்று பொருள். முனை மழுங்கிய மெல்லிய நைலான் கம்பியை மெதுவாகச் செலுத்தினால் பெரும்பாலான அடைப்புகள் நீங்கிவிடும். பஞ்சர் கடையின் காற்றுக்குழாயை வைத்து ஊதச் சொல்வது தவறு. அந்த அழுத்தத்தில் குழாய் தன் இணைப்பிலிருந்து கழன்றுவிட்டால், உட்கூரையையே பிரித்துப் போடும் பெரிய வேலையாகிவிடும். புரட்டாசி முடிவதற்குள் ஒருமுறையும், தை பிறந்தபின் ஒருமுறையும் இதைச் செய்தால் போதும்.

ஒரு காலத்தில் சன்ரூஃப் என்பது விலையுயர்ந்த கார்களுக்கு மட்டுமே உரிய வசதி. இருங்காட்டுக்கோட்டையில் தயாராகும் ஹூண்டாய் எக்ஸ்டர் 2023 ஜூலையில் வந்தபோது, சிறிய கார்களிலும் அது இடம்பெற்றுவிட்டது. கூரை முழுவதையும் மடித்துவிடக்கூடிய கன்வர்டிபிள் கார்களை நம் நாட்டில் அரிதாகவே காண்கிறோம். 2020 அக்டோபரில் விற்பனைக்கு வந்த மஹிந்திரா தார் வாகனத்தின் துணிக்கூரை வகையே, நடுத்தர வருவாயுள்ளவர்கள் எண்ணிப்பார்க்கக்கூடிய ஒன்றாக இருந்தது. மற்றவை மினி, பி.எம்.டபிள்யூ. போன்ற நிறுவனங்களின் இறக்குமதி கார்கள். செங்கல்பட்டுப் பகுதியில் பி.எம்.டபிள்யூ.வுக்கு 2007 முதல் தொழிற்சாலை உண்டு. எனினும் அதன் திறந்த கூரைக் கார்கள் முழுமையாக வெளிநாட்டிலிருந்தே வந்தன. ஆகவே ஓர் உதிரி பாகம் பழுதுபட்டால், அதன் விலையோடு சுங்க வரியும் வாரக்கணக்கான காத்திருப்பும் சேர்ந்துகொள்கின்றன.

துணிக்கூரைக்கு வெயிலும் பகை, ஈரமும் பகை. வெயிலில் தையல் நூல் இற்றுப்போகிறது. பிளாஸ்டிக் பின்சாளரம் மஞ்சளித்து, மடிப்புக் கோட்டில் வெடிக்கிறது. ஈரத்துடன் மடித்துவைத்தால் ஓரிரு நாளில் பூஞ்சை பிடிக்கிறது. துணியைச் சாயமிட்டு, அலசி, வெயிலில் உலர்த்தியே பழகிய காளஹஸ்திக் கலம்காரிக் கலைஞர்களுக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. கார் வைத்திருக்கும் நமக்குத்தான் சொல்லவேண்டியிருக்கிறது.

பொத்தானை அழுத்தினால் தானே மடியும் கூரைகளின் சிக்கல் வேறு. ஹைட்ராலிக் பம்ப், அதன் எண்ணெய்க் குழாய்கள், கூரை எந்த நிலையில் இருக்கிறது என்று உணரும் சிறு சுவிட்சுகள் ஆகிய அனைத்தும் ஒழுங்காக இருந்தால்தான் கூரை அசையும். பி.எம்.டபிள்யூ. இசட்–4 காரின் முதல் தலைமுறையில் இந்தப் பம்பின் மோட்டார், கூரை நீர் வடியும் குழியை ஒட்டியே அமைந்திருந்தது. குழியின் வடிகால் அடைபட்டதும் மோட்டார் நீரில் மூழ்கிப் பழுதானது, உலகெங்கும் அக்காரின் உரிமையாளர்கள் நன்கறிந்த கதை. மோட்டாரை மாற்றப் பெருந்தொகை செலவாகும். வடிகாலைத் துப்புரவு செய்யவோ கால் மணி நேரம் போதும்.

சாளரக் கண்ணாடியும் இதனுடன் தொடர்புடையதே. சட்டமில்லாத கதவுகளைக் கொண்ட கன்வர்டிபிள் கார்களில், கதவைத் திறக்கும்போது கண்ணாடி சில மில்லிமீட்டர் கீழிறங்கி, மூடியதும் ஏறிக்கொள்ளும். அந்த அசைவு நின்றுவிட்டால் கூரையின் ரப்பர் பட்டை சிதைகிறது. சில கார்களில் கூரையே இயங்க மறுக்கிறது. சாதாரணக் கார்களிலோ, கண்ணாடி ஓடும் ரப்பர் தடத்தில் புழுதி சேர்ந்து இறுகுகிறது. மோட்டார் திணறுகிறது, பின்பு ஒருநாள் கண்ணாடியைத் தாங்கும் பிளாஸ்டிக் பிடிப்பு உடைந்து, கண்ணாடி ‘தொப்’பென்று கதவுக்குள் விழுகிறது. அது சுங்கச் சாவடியில் கண்ணாடியை இறக்கும் வேளையாக இருந்துவிட்டால், மீதிப் பயணம் மழையில் நனைந்தபடிதான். கண்ணாடி ஏறும் வேகம் குறைவதே முதல் எச்சரிக்கை. ஈரத்துணியால் தடத்தைத் துடைத்துச் சிலிக்கோன் ஸ்பிரே அடித்தால் தீர்ந்துவிடும். என்ஜின் ஆயிலும் மண்ணெண்ணெயும் ரப்பரை உப்பவைத்துக் கெடுத்துவிடும்.

பேட்டரியை மாற்றியபின் சன்ரூஃபோ சாளரமோ பாதியில் நின்றுவிடுவதுண்டு. மோட்டார் போய்விட்டது என்று அஞ்சவேண்டாம். மின்சாரம் துண்டிக்கப்பட்டதில் அது தன் நிலையை மறந்திருக்கலாம். பொத்தானைத் தொடர்ந்து அழுத்திப்பிடித்து அதை நினைவூட்டும் முறை, காருடன் வந்த கையேட்டில் இருக்கும். புதிய மோட்டாருக்குப் பணம் கொடுக்கும் முன் ஃபியூஸையும் இதையும் பார்த்துவிடுவது நல்லது.

இனி, பணத்தைப் பற்றி. காப்பீடு இருக்கிறதே என்ற நம்பிக்கை இவ்விஷயத்தில் பலரைக் கைவிடுகிறது. வாகனக் காப்பீட்டில் சொந்தச் சேதப் பிரிவு விபத்து, புயல், வெள்ளம் முதலியவற்றால் நேரும் சேதத்தை ஏற்கும். தேய்மானம், இயந்திர அல்லது மின் பழுது ஆகியவற்றை அது வெளிப்படையாகவே விலக்குகிறது. மரக்கிளை விழுந்து சன்ரூஃப் உடைந்தால் இழப்பீடு உண்டு. வெள்ளநீர் புகுந்து கார்பெட் நனைந்தாலும் உண்டு. அடைபட்ட வடிகுழாயால் அதே கார்பெட் நனைந்தால் இல்லை. ஆகவே வெள்ளத்தில் கார் நின்றிருந்தால், நீர்மட்டம் தெரியும்படி உடனே புகைப்படம் எடுத்துவைப்பது மதிப்பீட்டாளரிடம் பேருதவியாக இருக்கும்.

இழப்பீடு கிடைக்கும்போதும் எல்லாப் பாகங்களுக்கும் ஒரே கணக்கன்று. கண்ணாடிப் பாகங்களுக்குத் தேய்மானக் கழிவு இல்லை. ரப்பர், பிளாஸ்டிக் பாகங்களுக்கு 50 சதவீதம். உதாரணமாக, 1,200 சி.சி. காரில் உடைந்த கண்ணாடிக்கு 20,000 ரூபாயும், ரப்பர் பட்டைக்கு 4,000 ரூபாயும் ஆகிறது என்று கொள்வோம். கண்ணாடிக்கு முழுத் தொகை, ரப்பருக்கு 2,000. இதில் 1,500 சி.சி. வரையிலான கார்களுக்கான கட்டாயக் கழிவு 1,000 ரூபாய் போக, 21,000 ரூபாய் கிடைக்கும். தேய்மானமில்லாக் கூடுதல் காப்பீடு எடுத்திருந்தால் அந்த 2,000 ரூபாயும் கிடைத்துவிடும்.

சிறு சேதத்துக்கு இழப்பீடு கோருமுன் கோரிக்கையின்மைப் போனஸையும் எண்ணிப்பார்க்க வேண்டும். அது 20, 25, 35, 45, 50 சதவீதம் என்று ஆண்டுதோறும் ஏறும். ஒருமுறை கோரினால் பூஜ்ஜியத்துக்கு இறங்கிவிடும். 50 சதவீதத்தில் இருப்பவரின் சொந்தச் சேதப் பிரீமியம் போனஸுக்கு முன் 12,000 ரூபாய் என்றும், அது மாறாமல் இருக்கிறது என்றும் வைத்துக்கொள்வோம். ஒரு கோரிக்கையால் அவர் அடுத்த ஐந்து ஆண்டுகளில் முறையே 6,000, 3,600, 3,000, 1,800, 600 என மொத்தம் 15,000 ரூபாய்ச் சலுகையை இழக்கிறார். மேற்சொன்ன 21,000 ரூபாயைக் கோருவது அவருக்கு லாபம்; 8,000 ரூபாய்ப் பழுதைக் கைப்பணத்தில் பார்த்துக்கொள்வதே மேல்.

சன்ரூஃப் இல்லாத காரில் கூரையை வெட்டிப் புதிதாகப் பொருத்தித்தரும் கடைகளும் உள்ளன. இது என் பார்வையில் வீண் வம்பு. உற்பத்தியாளர் வடிவமைத்த அடிப்படை அம்சங்களை மாற்றுவதை மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு தடுக்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதிப்படுத்தியது. உற்பத்தியாளரின் உத்தரவாதம் பறிபோவதோடு, காப்பீட்டுக் கோரிக்கையும் மறுக்கப்படலாம். கடன் நிலுவையிலுள்ள கார் என்றால், அது வங்கிக்கு ஈடாக உள்ள சொத்து என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும்.

காளஹஸ்தியிலிருந்து நனைந்த காருடன் வீடு திரும்பியவர்கள் முதலில் செய்யவேண்டியது, தரை விரிப்புகளை எடுத்துவிட்டு அதன் கீழுள்ள கார்பெட்டைத் தூக்கிப்பார்ப்பது. பல கார்களில் வயரிங் அதன் அடியில்தான் ஓடுகிறது. மேலே காய்ந்திருந்தாலும் அடியிலுள்ள பஞ்சு நாட்கணக்கில் ஈரத்தைப் பிடித்துவைத்திருக்கும். மின்விசிறிக் காற்றில் ஒரு நாள் முழுவதும் உலரவிட்டு, மறுநாள் அந்த அரைத் தம்ளர் நீர்ச் சோதனையைச் செய்துபாருங்கள்.