முதலில் அளவு, பிறகு வேகம்

பழுதான டர்போ என்ஜினின் ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி, அதன் வெள்ளைப் பீங்கானைப் பூதக்கண்ணாடியில் பாருங்கள். மிளகுத்தூள் தூவியதுபோல் கரும்புள்ளிகள் இருக்கலாம். நடுவே பொடிப்பொடியாக ஏதாவது மினுங்கினால், அது பிஸ்டனிலிருந்து பெயர்ந்த அலுமினியம். பழைய டர்போ என்ஜினைக் குறைந்த செலவில் புதுப்பித்து, சக்தியையும் கூட்ட நினைப்பவர்கள் முதலில் படிக்க வேண்டியது இந்தப் புள்ளிகளைத்தான்.

ஒரு லிட்டர் பெட்ரோல் சரியாக எரிய ஏறத்தாழ 9,000 லிட்டர் காற்று வேண்டும். பெட்ரோலை எவ்வளவு வேண்டுமானாலும் ஊற்றலாம். அதற்கு ஈடான காற்றை உள்ளே அனுப்புவதுதான் கடினம். வெளியேறும் புகையைக் கொண்டு ஒரு சக்கரத்தைச் சுழற்றி, அந்தச் சுழற்சியால் காற்றை அமுக்கி என்ஜினுக்குள் தள்ளும் ‘டர்போ’ யோசனைக்கு சுவிஸ் பொறியாளர் ஆல்ஃபிரட் பூகி 1905-ல் காப்புரிமை பெற்றார். இன்றைய கார்களில் டர்போவின் தண்டு நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்றுகளுக்கு மேல் சுழல்கிறது.

இதில் ஒரு சிக்கல் உண்டு. காற்றடிக்கும்போது சைக்கிள் பம்பின் அடிப்பகுதி சுடுவதை எல்லோரும் தொட்டுப் பார்த்திருப்போம். 30 டிகிரி செல்சியஸில் இருக்கும் காற்றை இரு மடங்கு அழுத்தத்துக்கு அமுக்கினால், சாதாரண டர்போவில் அது 120 டிகிரியை எட்டிவிடும். அதைக் குளிர்விக்கத்தான் இன்டர்கூலர். சூடு தணியாமல் உள்ளே போனால், ஸ்பார்க் பிளக் பற்றவைத்த தீ பரவி வந்து சேர்வதற்குள், ஓரத்தில் எரியாமல் மிஞ்சிய கலவை தானாகவே வெடிக்கும். இதுதான் ‘நாக்கிங்’. அந்த அழுத்த அலை, உலோகத்தை ஒட்டிக் காப்பாக நிற்கும் மெல்லிய வாயுப் படலத்தைக் கலைத்துவிடுகிறது. பிறகு நெருப்பின் சூடு நேராக பிஸ்டனில் இறங்குகிறது. பிளக்கில் பார்த்த புள்ளிகள் இதன் தடம்தான்.

1962-ல் அமெரிக்காவில் வந்த ஓல்ட்ஸ்மொபில் ஜெட்ஃபயர், டர்போவோடு விற்பனைக்கு வந்த முதல் கார்களில் ஒன்று. சிலிண்டருக்குள் கலவை எத்தனை மடங்கு சுருக்கப்படுகிறது என்பதைச் சொல்லும் கம்ப்ரஷன் விகிதம் அதில் 10.25. நாக்கிங்கை அடக்க, தண்ணீரும் மெத்தனாலும் கலந்த திரவத்தைத் தனித் தொட்டியிலிருந்து என்ஜினுக்குச் செலுத்தினார்கள். உரிமையாளர்கள் பலர் அந்தத் தொட்டியை நிரப்பவே இல்லை. 1963-க்குப் பிறகு ஜெட்ஃபயர் வரவில்லை.

ஜப்பானின் நிஸ்ஸான், எஸ்ஆர்20டிஇடி என்ஜினில் கம்ப்ரஷன் விகிதத்தை 8.5 என்று தாழ்வாகவே வைத்தது. 1991-ல் சில்வியா காரில் 205 குதிரைத்திறன் தந்த இந்த 2 லிட்டர் என்ஜின், 1999-ல் வந்த சில்வியாவில் 250-ஐத் தொட்டது. உலகெங்கும் டிரிஃப்ட் பிரியர்கள் இன்றும் பிரித்துப் பூட்டும் என்ஜின் இது.

அப்படிப் பிரித்தவர் மேசையில் நடப்பதைக் கிட்டே போய்ப் பார்ப்போம். புது பிஸ்டன் ரிங் ஒன்றை மட்டும் சிலிண்டரின் துளையான போரில் வைத்து, பிஸ்டனைத் தலைகீழாகப் பிடித்து அதை நேராகக் கீழே தள்ளுகிறார். ரிங்கின் இரு முனைகளுக்கும் நடுவே ஃபீலர் கேஜ் தகட்டை நுழைக்கிறார். 86 மில்லிமீட்டர் போருக்கு, டர்போ வேலை என்றால் அரை மில்லிமீட்டரை ஒட்டி இடைவெளி விடுவது வழக்கம். தகடு நுழையவில்லை. அரத்தில் நாலு இழுப்பு, பிசிர் நீக்கம், மறுபடி அளவு. இந்தப் பொறுமை இல்லாவிட்டால், சூட்டில் நீளும் முனைகள் ஒன்றையொன்று முட்டி, பிஸ்டனின் விளிம்பையே பெயர்த்துவிடும்.

கிராங்க் பேரிங்கின் இடைவெளியை அளக்க ‘பிளாஸ்டிகேஜ்’ என்ற மெழுகு போன்ற நூல் போதும். அதைக் குறுக்கே வைத்து, மூடியைக் குறித்த டார்க் அளவுக்கு முறுக்கிப் பிறகு கழற்றினால், நூல் நசுங்கியிருக்கும். எவ்வளவு அகலமாக நசுங்கியதோ, இடைவெளி அவ்வளவு குறைவு. ஆயில் படலம் நிற்க வேண்டிய அந்த இடம் ஒரு மில்லிமீட்டரில் சுமார் இருபதில் ஒரு பங்கு.

பூட்டி முடித்த பிறகு டியூனிங். பெட்ரோல் முழுமையாக எரிய அதன் எடையைப்போல் 14.7 மடங்கு காற்று தேவை. டர்போ முழு வீச்சில் தள்ளும்போது இதை 12-க்குப் பக்கத்தில் இறக்குவார்கள். கூடுதலான பெட்ரோல் ஆவியாகிச் சூட்டை உறிஞ்சும். பற்றவைக்கும் நேரத்தையும் பின்தள்ளியே தொடங்கி, நாக்கிங் வராததை உறுதி செய்துகொண்டு ஒவ்வொரு டிகிரியாக முன்னகர்த்துவார்கள். 2001-ல் புரூஸ் பவுலிங், அல் கிரிப்போ என்ற இரண்டு அமெரிக்கர்கள் என்ஜினுக்குச் செல்லும் பெட்ரோலின் அளவை ஆளும் ‘மெகாஸ்க்வர்ட்’ என்ற மின்னணுக் கட்டுப்பாட்டுப் பலகையைத் தந்தார்கள். சால்டரிங் தெரிந்தவர் தானே கோத்துக்கொள்ளலாம். பந்தய அணிகளிடம் இருந்த வித்தை எளியவர் கைக்கும் வந்தது.

பணம் குறைவு என்றால் சிறிய டர்போவோடு நில்லுங்கள். பெயின்ட், பளபளப்பு எல்லாவற்றையும் தள்ளிப்போடுங்கள். புது பேரிங், ஹெட் கேஸ்கெட், காற்று–பெட்ரோல் விகிதம் காட்டும் வைட்பேண்ட் சென்சார் இவற்றில் மட்டும் மிச்சம் பிடிக்காதீர்கள். முன்பு என்ஜின் ஏன் போனது என்பதற்குப் பதில் கிடைக்கும்வரை ஒரு போல்ட்டைக்கூட முறுக்காதீர்கள். காரணம் தெரியாமல் பூட்டிய என்ஜின், அதே காரணத்தால் மறுபடியும் போகும்.