ஒரே படகில் போனால் காதலா?

'பொன்னியின் செல்வன்' படித்தவர்களுக்குப் பூங்குழலியை மறக்க முடியாது. கோடிக்கரையிலிருந்து வந்தியத்தேவனைப் படகில் ஏற்றிக்கொண்டு ஈழத்துக்குத் துடுப்பு வலித்துச் செல்லும் ஓடக்காரப் பெண் அவள். கல்கி 1950 முதல் 1954 வரை தொடராக எழுதிய இக்கதை, 2022இல் திரைக்கு வந்தபோது நான் படிவம் ஐந்து மாணவி. அந்தப் படகுப் பயணத்தை வைத்து நானும் ஒரு கதை எழுதினேன்.

பிறர் படைத்த பாத்திரங்களைக் கொண்டு ரசிகர்கள் எழுதும் இவ்வகைக் கதை நமக்குப் புதிதல்ல. விக்கிரமன், 'நந்திபுரத்து நாயகி' என்று 'பொன்னியின் செல்வ'னின் தொடர்ச்சியை ஒரு நாவலாகவே எழுதினார்.

என் கதையில் மூன்றாம் பக்கத்திலேயே இருவருக்கும் காதல் வந்துவிட்டது. வேறு என்ன எழுதுவதென்று எனக்குத் தெரியவில்லை. ஈப்போவில் எங்களோடு இருக்கும் பாட்டியிடம் படித்துக் காட்டினேன்.

"ஏம்மா, ஆம்பளையும் பொம்பளையும் ஒரே படகுல போனா காதல்தானா?" என்று கேட்டார்.

பிறகு தம் கதையைச் சொன்னார். சுங்கை சிப்புட் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டிய காலம். ஒரு நாள் நள்ளிரவில் என் அப்பாவுக்குக் கடும் காய்ச்சல். தாத்தா வெளியூரில். பக்கத்து நிரையில் மரம் வெட்டியவர்தான் பாட்டியையும் பிள்ளையையும் சைக்கிளில் வைத்து டவுன் ஆஸ்பத்திரிக்கு மிதித்திருக்கிறார். பின்னர் அவர் கையில் வெட்டுப்பட்டபோது, பாட்டி தம் மரங்களை முடித்துவிட்டு அவர் நிரையையும் வெட்டிக் கொடுத்தாராம். கடைசிவரை "அண்ணே" என்றுதான் அழைத்தார். அந்தத் தோட்டம் இப்போது செம்பனைக் காடு. அவரும் இல்லை. அவரைப் பற்றிச் சொல்லும்போது பாட்டியின் குரல் இன்னும் கம்முகிறது.

அன்றுதான் என் தவறு புரிந்தது. நட்பைக் காதலுக்கு ஒரு படி கீழே வைத்திருந்தேன். தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டில், தாம் கொடுத்தவற்றை அடுத்து அக்கன் குந்தவை கொடுத்தவற்றைச் சொல்கிறார் இராசராசன். மனைவியர் கொடுத்தவை அதற்குப் பிறகுதான்.

ரசிகர் கதைகள் குவிந்துள்ள 'ஆர்கைவ் ஆஃப் அவர் ஓன்' தளத்தில், இரு பெயர்களுக்கு நடுவே சாய்கோடு போட்டால் காதல்; '&' போட்டால் நட்பு அல்லது குடும்ப உறவு. ஆனால், குறியை மாற்றினால் மட்டும் நட்பு உயிர் பெறாது. பாட்டியின் கதையிலிருந்து மூன்று கேள்விகளை எடுத்துக்கொண்டேன். ஒருவருக்காக மற்றவர் எதை இழக்கத் துணிவார்? எதற்காகச் சண்டை போடுவார்கள்? எதைப் பேசாமலே புரிந்துகொள்வார்கள்?

மூலக்கதையிலேயே விடை இருந்தது. வந்தியத்தேவன் மடியில் இளவரசர் அருள்மொழிக்குக் குந்தவை கொடுத்த ஓலை. பூங்குழலியின் மனத்திலோ அதே இளவரசர். அவன் நினைவு பழையாறையில், அவள் நினைவு ஈழத்தில். நடுக்கடலில் இருவருக்கும் வேறு துணை இல்லை. அவளுடைய ரகசியத்தை ஊகித்தும் அவன் வாய் திறக்காமல் இருக்கும் ஓர் இரவாகக் கதையை மாற்றி எழுதினேன்.

"காதல் எங்கே?" என்று தோழிகள் கேட்டார்கள். பாட்டி கேட்கவில்லை. முழுதும் கேட்டுவிட்டு, "அந்தப் பொண்ணு அவனைப் பத்திரமா கரை சேர்த்துட்டாளா?" என்றார்.

சேர்த்துவிட்டாள், பாட்டி.