இரத்த வகை மாறிய கொடையும் இரத்தச்சோகையும்

ஸ்டெம் செல் மாற்றுச் சிகிச்சைக்குப் பின் வெள்ளையணுக்களும் தட்டணுக்களும் உயர்ந்து, ஹீமோகுளோபின் மட்டும் உயராதபோது, கொடை பலிக்கவில்லையோ எனக் குடும்பத்தார் அஞ்சுகின்றனர். இரத்த வகை மாறியிருப்பின் காரணம் வேறாக இருக்கலாம்.

திசுப் பொருத்தமும் இரத்த வகையும் தனித்தனியே மரபுவழி வருவன. ஆதலின் ஓ வகை நோயாளிக்கு ஏ வகை உடன்பிறந்தார் கொடையாளர் ஆகலாம். ஆயினும் நோயாளியின் பழைய பிளாஸ்மா அணுக்கள் ஏ வகைக்கு எதிரான எதிர்ப்பொருளைச் சில காலம் சுரக்கும். அது புதிய சிவப்பணுக்களை எலும்பு மஜ்ஜையிலேயே தடுத்துவிடும்.

பலருக்கு இது சில மாதங்களில் தானே தணியும். அதுவரை கதிரூட்டிய ஓ வகைச் சிவப்பணுக்களை ஏற்றுகிறோம். நீடித்தால் நோயெதிர்ப்பை அடக்கும் மருந்துகளைக் குறைப்பதும், ரிட்டுக்சிமாப், டாரட்டுமுமாப் முதலியவற்றைத் தருவதும் உண்டு. ஏற்றும் ஒவ்வொரு பையிலும் ஏறத்தாழ 200 மில்லிகிராம் இரும்பு உடலில் சேர்கிறது. எனவே மருத்துவர் கூறாமல் இரும்புச்சத்து மாத்திரை உண்ண வேண்டா.

1986 முதல் இச்சிகிச்சை நடைபெறும் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியிலோ பிற இடங்களிலோ சிகிச்சை பெற்றுப் பூந்தமல்லிக்குத் திரும்புவோர், தம் பழைய வகை, கொடையாளர் வகை, மாற்று நடந்த நாள் ஆகியவற்றை எழுதி எப்போதும் உடன் வைத்திருங்கள். அவசர வேளையில் எந்த இரத்தம் ஏற்றுவதென எங்களுக்கு வழிகாட்டுவது அச்சீட்டே.