ஆங்கிலப் பகுதியில் மதிப்பெண் எங்கே நழுவுகிறது?

மத்திய அரசுத் தேர்வுகள் சிலவற்றைத் தமிழிலேயே எழுதும் வாய்ப்பு இப்போது இருக்கிறது. எஸ்எஸ்சி நடத்தும் எம்டிஎஸ் தேர்வு 2023-ல் முதன்முறையாகத் தமிழ் உள்ளிட்ட 13 மாநில மொழிகளில் நடந்தது. பொதுத்துறை வங்கிகளின் எழுத்தர் தேர்வுக்கும் தமிழ் வினாத்தாள் கிடைக்கிறது. எஞ்சியிருப்பது ஆங்கிலப் பகுதி. அதற்கு அஞ்சி, ஆங்கிலப் பகுதியே இல்லாத ரயில்வே என்டிபிசி, தமிழ்த் தாள் கட்டாயமான டிஎன்பிஎஸ்சி குரூப் 4 ஆகியவற்றோடு நின்றுவிடும் பட்டதாரிகள் பலர்.

இப்படி ஒதுங்கத் தேவையில்லை. தமிழ்வழியில் படித்தவர்கள் ஆங்கிலத்தில் செய்யும் பிழைகளில் பெரும்பகுதி தமிழ் வாக்கிய அமைப்பிலிருந்து வருகிறது. அதனால் பிழை எங்கே வரும் என்று முன்கூட்டியே சொல்லிவிடலாம். சொல்ல முடிந்ததைத் திருத்தவும் முடியும்.

எவ்வளவு மதிப்பெண், எவ்வளவு நேரம்?

எஸ்எஸ்சி சிஜிஎல் தேர்வின் முதல் கட்டத்தில் 60 நிமிடத்தில் 100 வினாக்கள். அவற்றில் 25 ஆங்கிலம். இரண்டாம் கட்டத்தில்தான் ஆங்கிலத்தின் கனம் தெரியும். தலா 3 மதிப்பெண்ணில் 45 வினாக்கள், மொத்தம் 135. பெரும்பாலான பணிகளுக்குத் தரவரிசையில் கணக்கிடப்படுவது 390 மதிப்பெண். அதில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் ஆங்கிலம். ஐபிபிஎஸ் வங்கி அதிகாரி முதல்நிலைத் தேர்வில் 30 ஆங்கில வினாக்களுக்கு 20 நிமிடம் மட்டுமே. ஒரு வினாவுக்கு 40 விநாடி. விதிகளை ஒவ்வொன்றாக நினைவுபடுத்திப் பார்க்க அந்த நேரம் போதாது. பிழை இருக்கக்கூடிய இடத்துக்குக் கண் நேராகப் போக வேண்டும்.

பிழை கண்டறிதல்: மூன்று இடங்கள்

முதலாவது, எழுவாயும் பயனிலையும் பொருந்துவது. ‘தி லிஸ்ட் ஆஃப் புக்ஸ் ஆர் ஆன் தி டேபிள்’ என்ற வாக்கியம் பலருக்குச் சரியாகவே தோன்றும். இதையே தமிழில் சொல்லிப் பாருங்கள்: ‘புத்தகங்களின் பட்டியல் மேசைமேல் இருக்கிறது.’ தமிழில் அடைமொழிகள் எல்லாம் முன்னால் வந்துவிடும். எழுவாயான ‘பட்டியல்’ அவற்றுக்குப் பின்னால் நிற்கும். ஆங்கிலத்தில் எழுவாய் முன்னால் போய்விட, ‘ஆஃப்’ கொண்டுவந்த ‘புக்ஸ்’ வினைச்சொல்லை ஒட்டி உட்கார்ந்துகொள்கிறது. பக்கத்தில் இருக்கும் பன்மையைப் பார்த்து ‘ஆர்’ போட்டுவிடுகிறோம். ‘ஆஃப்’ தொடங்கி வரும் தொடரை விரலால் மறைத்துவிட்டுப் படித்தால் ‘லிஸ்ட் இஸ்’ என்று தானாகத் தெரியும்.

இரண்டாவது, காலம். ‘பத்து வருஷமாக மதுரையில் இருக்கிறேன்’ என்பது தமிழில் நிகழ்காலம். அதில் குறை ஏதுமில்லை. அதையே மனதில் வைத்து ‘ஐ ஆம் லிவிங் இன் மதுரை ஃபார் டென் இயர்ஸ்’ என்று எழுதினால் பிழை. முன்பே தொடங்கி இன்றும் தொடரும் செயலுக்கு ஆங்கிலம் ‘ஐ ஹேவ் பீன் லிவிங்’ என்று கேட்கும். வாக்கியத்தில் ‘ஃபார்’ அல்லது ‘சின்ஸ்’ கால அளவோடு வந்தால், வினைச்சொல்லை உடனே சோதியுங்கள். கால நீளத்துக்கு ‘ஃபார்’, தொடங்கிய புள்ளிக்கு ‘சின்ஸ்’.

மூன்றாவது, முன்னிடைச் சொற்கள். ‘அதைப் பற்றி விவாதித்தோம்’ என்று சொல்லிப் பழகியவர்கள் ‘டிஸ்கஸ்டு அபௌட் இட்’ என்று எழுதுவது இயல்பு. ஆனால் ‘டிஸ்கஸ்’ என்ற வினைக்குப் பின் ‘அபௌட்’ வராது. ‘என்னைவிட மூத்தவர்’ என்பதில் உள்ள ‘விட’, ‘சீனியர் தேன் மி’ என்று எழுத வைக்கும்; ‘சீனியர் டு மி’ என்பதே சரி. இவற்றுக்குப் பொதுவிதி தேடுவது வீண். வினைச்சொல்லையும் அதோடு வரும் முன்னிடைச் சொல்லையும் சேர்த்து ஒரே சொல்லாக மனப்பாடம் செய்வதுதான் வழி.

வாக்கியத் துண்டுகளை அடுக்குதல்

ஒரே வாக்கியத்தைத் துண்டுகளாக்கிக் கலைத்துக் கொடுப்பது எஸ்எஸ்சி விரும்பும் வினா வகை. ‘ஹேஸ் பீன் செலக்டட்’, ‘தி பாய்’, ‘ஃபார் தி நேவி’, ‘ஹூ லிவ்ஸ் நெக்ஸ்ட் டோர்’ ஆகிய நான்கு துண்டுகளை எடுத்துக்கொள்வோம். தமிழில் ‘பக்கத்து வீட்டில் இருக்கும் பையன் கடற்படைக்குத் தேர்வாகியிருக்கிறான்’ என்போம். ‘இருக்கும்’ என்ற பெயரெச்சம் பையனுக்கு முன்னால் வருகிறது. ஆங்கிலத்தில் ‘ஹூ’, ‘விச்’, ‘தட்’ என்று தொடங்கும் துண்டு, தான் விவரிக்கும் பெயருக்கு அடுத்தே வரும். ஆகவே ‘தி பாய்’, அடுத்து ‘ஹூ லிவ்ஸ் நெக்ஸ்ட் டோர்’. ‘ஹேஸ்’ ஒருமை வினை, அது பையனுக்கு உரியது. ‘செலக்டட்’ என்றதும் எதற்கு என்ற கேள்வி எழும். அதற்குப் பதில் ‘ஃபார் தி நேவி’.

தமிழில் வேற்றுமை உருபு இருப்பதால் சொற்களை இடம் மாற்றினாலும் பொருள் மாறாது. ‘முருகன் மரத்தை வெட்டினான்’, ‘மரத்தை முருகன் வெட்டினான்’ இரண்டும் ஒன்றே. ஆங்கிலத்தில் அந்த உருபின் வேலையைச் சொல் நிற்கும் இடமே செய்கிறது. இது மனதில் பதிந்துவிட்டால் துண்டுகளை அடுக்கும்போது ஊகத்துக்கு வேலை குறையும்.

பத்தியை வரிசைப்படுத்துதல்

முழு வாக்கியங்கள் நான்கைக் கலைத்துக் கொடுத்தால் மொத்தம் 24 வரிசைகள் சாத்தியம். அத்தனையையும் பார்க்க வேண்டாம். அடுத்தடுத்து வந்தே தீர வேண்டிய ஒரு ஜோடியைக் கண்டுபிடித்தால் போதும். கொடுத்திருக்கும் விடைகளில் பாதி அங்கேயே அடிபட்டுப் போகும்.

ஓர் எடுத்துக்காட்டைத் தமிழிலேயே பார்ப்போம்:

பி: அப்போதே அதன் நடுப்பகுதி, கப்பலுக்கு வழிவிட இரண்டாகத் திறக்கும்படி அமைக்கப்பட்டது.

கியூ: பாம்பன் ரயில் பாலம் 1914-ல் திறக்கப்பட்டது.

ஆர்: ஆனால், நூறாண்டு கடந்த அந்தப் பாலம் உப்புக்காற்றின் அரிப்பால் வலுவிழந்து, 2022 டிசம்பரில் ரயில் போக்குவரத்து நிறுத்தப்பட்டது.

எஸ்: அதற்கு மாற்றாகக் கட்டப்பட்ட புதிய பாலம் 2025 ஏப்ரலில் திறக்கப்பட்டது.

‘அதன்’, ‘அந்த’, ‘ஆனால்’, ‘அதற்கு’ என்று முன்னால் வந்ததைச் சுட்டும் சொல் உள்ள எதுவும் முதல் வாக்கியமாக நிற்காது. பெயரை முழுதாகச் சொல்வது கியூ மட்டுமே, அது முதலில். ‘அப்போதே’ என்பதற்கு ஓர் ஆண்டு முன்னால் இருக்க வேண்டும். ஆகவே கியூ, பி ஜோடி. பழைய பாலம் நின்ற பிறகுதான் மாற்றுப் பாலம். ஆகவே ஆர், எஸ் ஜோடி. விடை: கியூ, பி, ஆர், எஸ்.

ஆங்கில வினாவிலும் இதே கண்ணிகளைத்தான் தேட வேண்டும். ‘இட்ஸ்’, ‘திஸ்’, ‘சச்’ போன்றவை முன்னால் ஒரு பெயரைக் கேட்கும். ‘ஹவெவர்’ முன்னால் ஒரு மாறான கருத்தைக் கேட்கும். ‘எ பிரிட்ஜ்’ என்று அறிமுகமானது பின்னால் ‘தி பிரிட்ஜ்’ ஆகும்.

தெரியாத வினாவை விடலாமா?

சிஜிஎல் இரண்டாம் கட்டத்தில் ஒரு தவறான விடைக்கு 1 மதிப்பெண் குறையும். நான்கு வினாக்களுக்குக் கண்ணை மூடிக்கொண்டு விடை குறித்தால், சராசரியாக ஒன்று சரியாகி 3 வரும்; மூன்று தவறாகி 3 போகும். கைக்கு எதுவும் மிஞ்சாது. இரண்டு விடைகளை நீக்கிவிட்டுக் குறித்தால், நான்கில் இரண்டு சரியாகி 6 வரும், 2 போகும், 4 மிஞ்சும். இரண்டையாவது நீக்க முடிந்தால் எழுதுங்கள். முடியாவிட்டால் அடுத்த வினாவுக்குப் போங்கள்.

பயிற்சி எப்படி?

நாளுக்கு ஒரு மாதிரித் தேர்வு எழுதி, மதிப்பெண்ணை மட்டும் பார்த்துவிட்டு மூடிவைப்பதால் பயனில்லை. முந்தைய ஆண்டு வினாக்களில் நாளுக்கு இருபது போதும். தவறிய ஒவ்வொன்றுக்கும் நோட்டில் மூன்று வரி எழுதுங்கள்: நான் குறித்தது, சரியான விடை, ஏன் தவறினேன். ‘ஏன்’ என்ற இடத்தில் ‘கவனக்குறைவு’ என்று எழுதாதீர்கள். ‘ஆஃப்-க்குப் பின் வந்த பன்மையைப் பார்த்தேன்’, ‘தமிழில் நிகழ்காலம் என்பதால் ஏமாந்தேன்’ என்று காரணத்தை எழுதுங்கள். சில வாரங்களில் அதே ஐந்தாறு காரணங்கள் திரும்பத் திரும்ப வருவது தெரியும். அவைதான் உங்களுக்கான பாடத்திட்டம். இலக்கணம் அடியோடு மறந்திருந்தால் ஆறு முதல் பத்தாம் வகுப்பு வரையிலான சமச்சீர் ஆங்கிலப் புத்தகங்களிலிருந்து தொடங்குங்கள்.

மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலகங்களின் தன்னார்வப் பயிலும் வட்டங்களிலும், ‘நான் முதல்வன்’ திட்டத்தின் போட்டித் தேர்வுப் பிரிவிலும் இலவசப் பயிற்சி கிடைக்கிறது. இத்தகைய வகுப்புகளில் ஆங்கில இலக்கணத்தைத் தமிழ் இலக்கணத்தோடு ஒப்பிட்டுச் சொல்லிக்கொடுப்பது முறையான பாடமாக வேண்டும். வேற்றுமையும் பெயரெச்சமும் பள்ளியில் படித்துவிட்டு வரும் பிள்ளைகளுக்கு, தெரிந்ததிலிருந்து தெரியாததைக் காட்டினால் விளங்கும். இலக்கணம் அறியாதவர்கள் என்று அவர்களை நடத்துவது அநியாயம்.