ஒரே சாலை, இரு முடிவுகள்

பங்குக் குருவாகப் பணியாற்றும் எவரும், சாலை விபத்தில் இறந்தவர்களை அடக்கம் செய்யும் துயரத்திலிருந்து தப்பியிருக்க முடியாது. சில ஆண்டுகளுக்கு முன், எங்கள் கோவிலை ஒட்டிச் செல்லும் நெடுஞ்சாலையில் ஒரே மாதத்தில் இரண்டு விபத்துகள் நேர்ந்தன. முதலாவதில், காலையில் மிதிவண்டியில் வேலைக்குச் சென்ற ஒரு கொத்தனார்மீது கார் மோதியது. கால் எலும்பு முறிந்து மூன்று மாதம் படுத்திருந்தார். இன்று பழையபடி வேலைக்குப் போய்வருகிறார். இரண்டாவதில், இரவு எட்டு மணிக்குக் கடைக்குச் சென்று திரும்பிய இருபது வயது இளைஞன்மீது வேறொரு கார் மோதியது. மருத்துவமனையை அடையுமுன்பே அவன் உயிர் பிரிந்தது.

அடக்கம் முடிந்த மாலையில் அவனுடைய தாய் என்னிடம் கேட்டார்: “அதே ரோடு, அதே மாதிரி காரு. அவரைக் காப்பாத்துன ஆண்டவர் எம்புள்ளைய மட்டும் ஏன் சாமி காப்பாத்தல?”

அன்று என்னால் விடை கூற இயலவில்லை. பின்னர் விசாரித்தபோது சில உண்மைகள் தெரியவந்தன. முதல் கார் வேகத்தடையைத் தாண்டி அப்போதுதான் நகரத் தொடங்கியிருந்தது. இரண்டாவது கார் வெறிச்சோடிய சாலையில் மிகுந்த வேகத்தில் வந்தது. அவ்விடத்தில் தெருவிளக்கு எரியவில்லை. இளைஞன் கருநிறச் சட்டை அணிந்திருந்தான். ஒருவர் பிழைப்பதும் மற்றவர் மாள்வதும் மோதல் நிகழ்ந்த அந்த நொடியில் தீர்மானிக்கப்படவில்லை. அதற்கு முன்பே பெரும்பாலும் தீர்மானிக்கப்பட்டுவிட்டது. தீர்மானித்தவர்கள் மனிதர்கள். மனிதரின் கவனக்குறைவை இறைவனின் சித்தம் என்று பெயரிட்டு அழைப்பது பக்தியாகாது அன்றோ?

2022-ஆம் ஆண்டில் மட்டும் நம் நாட்டில் சாலை விபத்துகளில் இறந்தவர்கள் 1,68,491 பேர். அவர்களுள் 32,825 பேர் நடந்து சென்றவர்கள். ஏறத்தாழ 4,800 பேர் மிதிவண்டியில் சென்றவர்கள். நடந்து சென்றவர்களுள் மட்டும் நாளொன்றுக்குத் தொண்ணூறு பேர் என்பது இதன் பொருள். காரில் இருப்பவரைச் சுற்றி இரும்புக் கூடும், இருக்கைப் பட்டையும் உள்ளன. நடப்பவருக்கும் மிதிவண்டிக்காரருக்கும் உள்ள காப்பு அவர்களுடைய தோல் ஒன்றே. ஆகவே, காயத்தின் கடுமையை எவை கூட்டுகின்றன, எவை குறைக்கின்றன என்று குடும்பத்தார் அனைவரும் அறிந்திருப்பது நலம்.

வேகமே முதற்காரணம்

வேகம் இருமடங்கானால் மோதலின் ஆற்றல் நான்கு மடங்காகும். நம் பிள்ளைகள் பள்ளியில் படிக்கும் இயற்பியல்தான் இது. மணிக்கு 30 கிலோமீட்டர் வேகத்தில் வரும் கார் மோதுவதை, ஒருவர் சுமார் மூன்றரை மீட்டர் உயரத்திலிருந்து, அதாவது ஒரு மாடியிலிருந்து, தரையில் விழுவதற்கு ஒப்பிடலாம். 60 கிலோமீட்டர் வேகமாயின், அது 14 மீட்டர் உயரத்திலிருந்து, நான்கு மாடிக் கட்டடத்தின் உச்சியிலிருந்து, விழுவதற்கு ஒப்பாகும்.

2011-இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வு இதனை எண்களால் விளக்குகிறது. மணிக்கு 37 கிலோமீட்டர் வேகத்தில் மோதப்பட்ட பாதசாரிகளுள் நூற்றுக்குப் பத்துப் பேர் இறக்கக்கூடும். 51 கிலோமீட்டரில் இருபத்தைந்து பேர். 68-இல் ஐம்பது பேர். 80-இல் எழுபத்தைந்து பேர். 93-இல் தொண்ணூறு பேர். படிப்படியாக ஏறும் ஏணியன்று இது, செங்குத்தான மலை.

வேகம் வேறொரு வகையிலும் கொல்கிறது. ஒரு குழந்தை திடீரென்று சாலையில் ஓடிவருகிறது எனக் கொள்வோம். ஓட்டுநர் கண்டுணர்ந்து பிரேக்கை மிதிக்க ஒரு நொடியாவது ஆகும். நல்ல சாலையில், நல்ல பிரேக்குடன், 40 கிலோமீட்டர் வேகத்தில் வந்த கார் சுமார் 20 மீட்டருக்குள் நின்றுவிடும். 60-இல் வந்த கார் அதே 20 மீட்டரை எட்டும்போது, பிரேக் அப்போதுதான் பிடிக்கத் தொடங்கியிருக்கும். இன்னும் 55 கிலோமீட்டர் வேகத்தில் சென்றுகொண்டிருக்கும். முதல் கார் குழந்தையைத் தொடாமலே நிற்கிற இடத்தில், இரண்டாவது கார் ஏறத்தாழ முழுவேகத்துடன் மோதுகிறது.

ஊருக்குள் ஐந்து கிலோமீட்டர் தொலைவை 60-இல் கடந்தால் ஐந்து நிமிடம். 40-இல் கடந்தால் ஏழரை நிமிடம். மிச்சமாகும் இரண்டரை நிமிடத்திற்காகவா ஓர் உயிரைப் பணயம் வைப்பது?

மோதும் வாகனம்

கார் மோதும்போது அதன் பம்பர் முதலில் முழங்காலுக்குக் கீழே தாக்குகிறது. உடல் பானெட்டின்மீது சரிந்து புரள, தலை முன்கண்ணாடியிலோ, அதன் ஓரத்திலுள்ள இரும்புத் தூணிலோ இடிக்கிறது. பின்பு உடல் தரையில் வீசப்படுகிறது. காலில் தொடங்கித் தலையில் முடியும் இந்த வரிசையில், கண்ணாடி ஓரளவு விட்டுக்கொடுக்கும், தூண் விட்டுக்கொடுக்காது.

முகப்பு உயரமான வாகனம் வேறு வகையில் தாக்குகிறது. அது காலைத் தட்டிவிடுவதில்லை. இடுப்பையும் மார்பையும் நேராக இடிக்கிறது. 2023-இல் அமெரிக்க நெடுஞ்சாலைப் பாதுகாப்புக் காப்பீட்டு நிறுவனம் வெளியிட்ட ஆய்வின்படி, முகப்பு ஒரு மீட்டருக்கு மேல் உயர்ந்த வாகனங்கள், தாழ்ந்து சரிந்த முகப்புடைய கார்களைவிட, பாதசாரிகளின் மரணத்திற்குக் காரணமாகும் வாய்ப்பு 45 விழுக்காடு அதிகம். பேருந்தும் லாரியும் சுவர் போன்ற முகப்பு உடையவை; மோதப்பட்டவர் மேலே சரிய இடமின்றி முன்னே தள்ளப்பட்டுச் சக்கரத்தின்கீழ் அகப்படும் அபாயம் உண்டு.

மிதிவண்டிக்காரர்கள் சிறப்பாக நினைவில் கொள்ளவேண்டியது ஒன்றுண்டு. இடப்புறம் திரும்பும் லாரியின் இடப்பக்கத்தில் ஒருபோதும் நுழையாதீர்கள். உயரத்தில் அமர்ந்துள்ள ஓட்டுநரின் கண்ணுக்கு அவ்விடம் மறைவானது. வண்டி திரும்பும்போது அதன் பின்சக்கரம் முன்சக்கரத்தைக் காட்டிலும் உள்ளே வரும்.

குழந்தையும் முதியவரும்

அதே கார், அதே வேகம். எனினும் எல்லாருக்கும் ஒரே காயம் ஏற்படுவதில்லை. உயரம் குறைந்த குழந்தைக்குச் சாதாரணக் காரின் முகப்பே மார்பளவோ, தலையளவோ இருக்கும். வரும் வாகனத்தின் வேகத்தையும் தொலைவையும் மதிப்பிடும் திறன் பிள்ளைகளுக்கு இன்னும் முதிரவில்லை. ஆகவே, “பார்த்துப் போ” என்று சொல்லி அனுப்பினால் போதாது. கைப்பிடித்து அழைத்துச் செல்லவேண்டும்.

முதியவரின் எலும்பு எளிதில் முறியும், ஆறுவது அரிது. மேற்சொன்ன 2011 ஆய்வு கூறுவது: 40 கிலோமீட்டர் வேகத்தில் மோதப்பட்ட எழுபது வயதினருக்கு உள்ள மரண அபாயமும், 56 கிலோமீட்டர் வேகத்தில் மோதப்பட்ட முப்பது வயதினருக்கு உள்ள அபாயமும் ஏறத்தாழ ஒன்றே. விடியற்காலைத் திருப்பலிக்குத் தனியே சாலையைக் கடந்து வரும் பாட்டிமார்களை நினைத்துப் பாருங்கள். பக்கத்து வீட்டு இளைஞர் ஒருவர் உடன் வந்தால் என்ன?

தலையைக் காத்தல்

1935-ஆம் ஆண்டு மே மாதம், ‘அரேபியாவின் லாரன்ஸ்’ என்று உலகம் அறிந்த ஆங்கிலேயர் டி. இ. லாரன்ஸ், மோட்டார் சைக்கிளில் வேகமாகச் செல்கையில், எதிரே மிதிவண்டியில் சென்ற இரு சிறுவர்கள்மீது மோதாதிருக்க வண்டியைத் திருப்பித் தூக்கி வீசப்பட்டார். தலையில் கவசமில்லை. ஆறு நாள் நினைவிழந்து கிடந்து இறந்தார். அவரைக் கவனித்த மருத்துவர்களுள் ஒருவரான ஹியூ கெய்ர்ன்ஸ், தலைக்காயங்களைத் தொடர்ந்து ஆராய்ந்து 1941-இல் கட்டுரை வெளியிட்டார். தலைக்கவசம் உயிர்காக்கும் என்ற உண்மையை உலகம் ஏற்க வழிவகுத்தவர் அவரே.

மிதிவண்டிக்கும் இது பொருந்தும். 2016-இல் ஆஸ்திரேலிய ஆய்வாளர் இருவர், காயமுற்ற 64,000-க்கும் மேற்பட்ட மிதிவண்டிக்காரர்களைப் பற்றிய நாற்பது ஆய்வுகளைத் தொகுத்தனர். தலைக்கவசம் அணிந்தவர்களுக்குக் கடுமையான தலைக்காயம் ஏற்படும் வாய்ப்பு 69 விழுக்காடு குறைந்திருந்தது. பிறந்தநாளுக்குப் பிள்ளைக்கு மிதிவண்டி வாங்கித் தரும் பெற்றோர், கூடவே தலைக்கவசமும் வாங்கித் தருவாராக.

இருளும் திருப்பயணமும்

ஆண்டுதோறும் ஆகஸ்டு இறுதியில், வேளாங்கண்ணிக்கு நம் மக்கள் கூட்டம் கூட்டமாக நடந்து செல்கின்றனர். வெயிலுக்கு அஞ்சி இரவிலும் விடியற்காலையிலும் நடப்பவர் பலர். இரவில் நடப்பவர் ஒரு பெரும் பிழை செய்கிறார்: வரும் காரின் விளக்கு தமக்குத் தெரிவதால், தாமும் ஓட்டுநருக்குத் தெரிவதாக எண்ணிவிடுகிறார். உண்மையில் மங்கிய நிற உடை அணிந்தவர், தாழ்த்திய முகப்பு விளக்கில் மிகத் தாமதமாகவே கண்ணில் படுகிறார். ஓட்டுநர் பிரேக்கை மிதிக்க நேரமின்றி முழுவேகத்தில் மோதுவதால் இரவின் காயங்கள் கொடியவையாகின்றன. காவியுடை பகலில் பளிச்சென்று தெரியலாம். இருளில் அதனை நம்பலாகாது.

ஆகவே, திருப்பயணக் குழுக்களுக்குச் சில வேண்டுகோள்கள். நடைபாதை இல்லாத இடத்தில் சாலையின் வலப்புறமாக, எதிரே வரும் வண்டிகளைப் பார்த்தபடி, ஒருவர்பின் ஒருவராக நடங்கள். ஒளியைத் திருப்பி அடிக்கும் பட்டைகளை முதுகில் மட்டுமன்றி, கணுக்காலிலும் முழங்காலிலும் கட்டுங்கள்; அசையும் ஒளியைக் கண்டதும் ‘இது மனிதர்’ என்று ஓட்டுநர் விரைந்து உணர்கிறார். குழுவின் முன்னும் பின்னும் விளக்கேந்தியவர் வரட்டும். சாலையோரத்தில் படுத்துறங்காதீர்கள். மிதிவண்டியில் செல்வோர் இடப்புறமே செல்லட்டும். பின்னால் சிவப்பு விளக்கு எரியட்டும்.

மோதிய பின்

காயத்தின் முடிவைத் தீர்மானிக்கும் கடைசிக் காரணம் காலம். இரத்தம் பெருகும்போது ஒவ்வொரு நிமிடமும் உயிர் கசிகிறது. உடனே 108-ஐ அழையுங்கள். இரத்தம் கசியும் இடத்தில் தூய துணியை வைத்து அழுத்துங்கள். கழுத்தையும் முதுகையும் வளைக்காதீர்கள். கைகால்களைப் பிடித்துத் தூக்கி ஆட்டோவில் திணிப்பது தண்டுவடத்தையே முறிக்கக்கூடும். குடிக்க எதுவும் கொடுக்கவேண்டாம்.

“உதவினால் போலீஸ், கோர்ட்டு என்று அலையவேண்டுமே” என்று ஒதுங்குவோர் உண்டு. அந்த அச்சத்திற்கு இன்று இடமில்லை. உதவுவோரைக் காக்கும் நெறிமுறைகளுக்கு உச்ச நீதிமன்றம் 2016-இல் சட்ட வலிமை அளித்தது. 2019-இல் மோட்டார் வாகனச் சட்டத்திலேயே அந்தப் பாதுகாப்பு சேர்க்கப்பட்டது. உதவியவர் தம் பெயரைச் சொல்லவேண்டும் என்றுகூட யாரும் கட்டாயப்படுத்த முடியாது. தமிழ்நாட்டில் 2021 டிசம்பரில் தொடங்கப்பட்ட ‘இன்னுயிர் காப்போம்’ திட்டத்தின்படி, விபத்துக்குப்பின் முதல் 48 மணி நேர அவசரச் சிகிச்சை கட்டணமின்றி அளிக்கப்படுகிறது.

இவ்வாறு உதவுபவருக்கு நம் நாட்டுச் சட்டம் இட்டுள்ள பெயர் என்ன தெரியுமா? ‘நல்ல சமாரியர்’. எருசலேமிலிருந்து எரிக்கோ செல்லும் சாலையில், காயமுற்றவனைக் கண்டும் விலகிச் சென்றவர்கள் கோவில் பணியாளர்கள் என்பதை நாம், குறிப்பாக என்னைப் போன்ற குருக்கள், மறந்துவிடலாகாது.

அன்பார்ந்த குடும்பத்தாரே, வண்டி ஓட்டுபவர் வேகத்தைக் குறைக்கலாம். பெற்றோர் தலைக்கவசம் வாங்கலாம். பங்கு மக்கள் ஒன்றுகூடி, பள்ளிக்கும் கோவிலுக்கும் முன்னே வேகத்தடையும் விளக்கும் வேண்டுமென்று மனுக் கொடுக்கலாம். எங்கள் பங்கிலும் அவ்வாறே ஒரு மனு எழுதினோம். இப்போது அவ்விடத்தில் விளக்கு எரிகிறது. அந்த மனுவில் முதல் கையெழுத்து, மகனை இழந்த அந்தத் தாயினுடையது.