எத்தனை கை மாறிய கார்?

ஹைதராபாத் சௌமஹல்லா அரண்மனையில் நிற்கும் நிஜாமின் மஞ்சள் ரோல்ஸ் ராய்ஸ் 1912-ல் தயாரானது. ஓடிய தூரம் 356 மைல்தான். பூர்வீகத்தில் சந்தேகமே இல்லை.

நகரில் விற்பனைக்கு வரும் பழைய கார்கள் அப்படியல்ல. உள்ளூர் வண்டியின் நம்பர் பிளேட்டில் 'ஏபி' இருந்தால் அது 2014-ல் தெலங்கானா பிறக்குமுன் பதிவானது. 'டிஎஸ்' அதற்குப் பின். 2024 முதல் 'டிஜி'. வயதுதான் தெரியும், எத்தனை கை மாறியது என்று தெரியாது. அதற்கு ஆர்.சி.யில் உள்ள உரிமையாளர் வரிசை எண்ணைப் பார்க்க வேண்டும். கடன் பாக்கியும் அதில் தெரியும். மீட்டரைப் பின்னுக்குத் திருப்பியிருந்தால் கம்பெனி சர்வீஸ் நிலையத்துப் பதிவுகள் காட்டிக்கொடுத்துவிடும். ஒவ்வொரு முறை சர்வீஸுக்கு விடும்போதும் கிலோமீட்டர் கணக்கு அங்கே ஏறுகிறது.

வாங்குகிறவருக்கு மட்டுமல்ல கவலை. 2007-ல் விற்கப்பட்ட ஒரு கார் மேலும் பல கை மாறி, 2009-ல் விபத்தில் சிக்கியது. பதிவேட்டில் பெயர் மட்டும் மாறவில்லை. நஷ்டஈட்டுக்கு 2007-ல் விற்றவரே பொறுப்பு என்று 2018-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

விற்றவர், அதே மாநிலத்துக்குள் என்றால், 14 நாட்களுக்குள் ஆர்.டி.ஓ. அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டும் என்கிறது மோட்டார் வாகனச் சட்டம். சாவியைக் கொடுத்ததோடு விற்பனை முடிந்துவிடுவதில்லை.